செவுள் பார்க்காமல் வாங்கிய மீன்

மாதம் பிறந்து முதல் வேலைநாளில் என் தொலைபேசி சின்னச் சின்னதாகச் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். எங்கள் மீன்கடைக்குச் சந்தா கட்டுகிற வீடுகளின் பணம் ஒவ்வொன்றாக வங்கிக்கு வந்து சேர்கிற சத்தம் அது. முதல் சத்தம் கேட்டதும் நான் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வேன். "வங்கிக்கும் சிலுவையோ?" என்று என் கணவர் கேலி செய்வார். செய்யட்டும். இந்தக் கடை பூட்டாமல் இருப்பதற்கும், அவர் அதற்குள் நின்று என்னைக் கேலி செய்வதற்கும் யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

லண்டனில், கோலியர்ஸ் வுட்டிலிருந்து டூட்டிங்குக்குப் போகிற வழியில் எங்கள் கடை இருக்கிறது. ஒரு பக்கம் முடி வெட்டுகிற கடை, மறுபக்கம் கைத்தொலைபேசி திருத்துகிற கடை. இருவருமே எங்கள் வாசனையைப் பற்றி முறைப்பாடு சொல்லாத நல்ல மனிதர்கள். என் கணவர் மன்னாரில் மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவர். நானும் மன்னார்தான், ஆனால் என் அப்பா தபால் கந்தோரில் இருந்தவர். மீன் சட்டிக்குள் வந்த பிறகுதான் எனக்கு அதோடு பழக்கம். மன்னாரில் பிறந்தவர்களுக்கெல்லாம் மீன் தெரியும் என்பது யாழ்ப்பாணத்தாரின் நம்பிக்கை. ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை செய்துகொண்டு, சனிக்கிழமைகளில் கடையில் நின்று, அந்த நம்பிக்கையைக் கெடுக்காமல் வருடக்கணக்காகச் சமாளித்துவந்தேன்.

சனிக்கிழமை கடையில் கால் வைக்க இடம் இருக்காது. செவ்வாய், புதன் என்றால் ஈ ஓட்டலாம் என்று பார்த்தால், லண்டன் குளிருக்கு ஈயும் வராது. இவர் விடிவதற்கு முன்னே சந்தைக்குப் போய், இன்றைக்கு யார் வருவார்கள், எவ்வளவு வாங்குவார்கள் என்று குத்துமதிப்பாகக் கணக்குப் போட்டு மீன் எடுத்து வருவார். மழை பெய்தால் கணக்குப் பிழைக்கும். கிரிக்கெட் நடந்தாலும் பிழைக்கும். ஊரிலென்றால் விற்காத மீனைக் கருவாடு போடலாம். இங்கே எந்த வெயிலை நம்பிப் போடுவது? நல்ல அறுக்குளா மீனைத் தூக்கிக் குப்பைக்குள் போடுகிற நாட்களில் இவர் வீட்டுக்கு வந்து சாப்பிடாமலே படுத்துவிடுவார்.

அந்த இலையுதிர் காலத்தில் கட்டட உரிமையாளர் வந்து, ஈஸ்டருக்குள் முடிவு சொல்லுங்கள் என்றார். இன்னும் ஐந்து வருடத்துக்குக் கையெழுத்துப் போடுகிறீர்களா, இல்லை கடையை விடுகிறீர்களா? விட்டால் இவருக்கு இருக்கிற வழி, முன்பு வேலை செய்த பெற்றோல் நிலையம்தான். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருந்த காலத்தில் இவர் எப்படி இருந்தார் என்பதை நான் மட்டுமே பார்த்திருக்கிறேன். உயிரோடு இருக்கிற மனிதன், ஆனால் சமையலில் உப்புக் கூடினாலும் தெரியாது, குறைந்தாலும் தெரியாது. அந்த மனிதரை மறுபடி வீட்டுக்குள் விட எனக்கு விருப்பமில்லை.

சந்தா யோசனை எங்கள் மகளுடையது. அவள் ஓர் அலுவலகத்தில் கணினி வேலை பார்க்கிறாள்.

"அப்பா, ஆக்களை மாசா மாசம் டிரெக்ட் டெபிட்டில, பாங்கிலயிருந்து தானாப் போறமாதிரி, காசு கட்டச் சொல்லுவம். கிழமைக்கு ஒரு பெட்டி மீன், வெட்டிச் சுத்தமாக்கி வீட்டை கொண்டுபோய்க் குடுப்பம். எவ்வளவு மீன் வேணுமெண்டு உங்களுக்கு முதலே தெரியும்."

"நீ போகாத ஜிம்முக்கும் மாசா மாசம் காசு போகுதெல்லே, உது மாதிரியோ?" என்றேன் நான்.

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "அதுதான் அம்மா, ஜிம்மை நிப்பாட்டுறதுக்குப் பத்து ஆளோட கதைக்க வேணும். நாங்கள் ஒரு பட்டன் வைப்பம். அமத்தினால் நிண்டுபோகும். ஏனெண்டு ஒருத்தரும் கேக்க மாட்டம்."

இவர் கேட்டார்: "மீனைப் பாக்காமல் ஆரடி காசு குடுக்கிறது?"

அதுதான் கேள்வி. எங்கள் ஆட்கள் வீடு வாங்கும்போதுகூட அவ்வளவு பார்க்கமாட்டார்கள். மீன் என்றால் கண்ணைப் பார்ப்பார்கள், வயிற்றை அமத்திப் பார்ப்பார்கள், செவுளைப் பிரித்துச் சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு அதை வைத்துவிட்டுப் பக்கத்து மீனை எடுப்பார்கள். இந்தக் கலையில் தலைமை ஸ்தானம் வகித்தவர், கோலியர்ஸ் வுட்டில் இருக்கிற யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். ஓய்வு பெற்ற கணக்காளர். பெட்டியில் இருக்கிற அத்தனை மீனின் செவுளையும் பிரித்துப் பார்த்து, கடைசியில் முதலாவதாகப் பார்த்த மீனையே வாங்குவார். நாங்கள் வீட்டுக்குள் அவருக்கு வைத்த பெயர் செவுள் அக்கா.

எங்கள் ஆட்களுக்கு மாதாமாதம் கட்டுவது புதிதல்ல. சீட்டுப் பிடிக்காத வீடு லண்டனில் எத்தனை? ஆனால் சீட்டுப் பிடித்த ஆள் காசோடு மறைந்த கதையும் எல்லா வீட்டிலும் உண்டு. நாங்கள் சந்தா என்று சொன்னோம். கடைக்கு வந்தவர்களோ அதற்கு மீன்சீட்டு என்று பெயர் வைத்து, "சேந்தால் நீங்கள் ஓடமாட்டியளே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். சிரிப்புக்குள் கேள்வி உண்மையாகவே இருந்தது.

முதலில் சேர்ந்தது செவுள் அக்கா. எனக்கு அதை நம்ப முடியவில்லை.

"சேருறன்," என்றார் இவரிடம். "ஆனால் எனக்கு வெட்டாமல் முழு மீனாத் தரவேணும் தம்பி. வாசல்ல வச்சுச் செவுள் பாப்பன். நல்லா இல்லாட்டி அதிலயே திருப்பித் தருவன். ஏலுமோ?"

"ஓம் அக்கா, ஏலும்," என்றார் இவர். அவர் முகத்தில் கனகாலத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்தது. சவால் என்றால் மனிதருக்கு அப்படி ஒரு விருப்பம்.

அக்கா சேர்ந்தார் என்று கேள்விப்பட்டதும் மற்றவர்கள் சேர்ந்தார்கள். அக்காவே நம்பினால் நாங்கள் நம்பினால் என்ன என்ற கணக்கு. எங்கள் மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்த கத்தோலிக்கக் குடும்பங்களிடம் நான் ஆள் பிடித்தேன். இருபது வீட்டுக்குக் கிட்ட வந்ததும், முதலாவது சனிக்கிழமை பெட்டிகளை எங்கள் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு, வெள்ளைச் சேர்ட்டும் போட்டுக்கொண்டு இவர் புறப்பட்டார். வெள்ளிக்கிழமை இந்துக்கள் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் சாப்பிடமாட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் சனி. எவ்வளவு கவனம் பாருங்கள்.

போய்க் கொஞ்ச நேரத்தில் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

"இஞ்சாரும், அக்கா வாசல்ல நிக்கிறா. பெட்டியை உள்ளுக்குக் கொண்டுவர வேண்டாமாம். கந்தசட்டியாம்."

கந்தசஷ்டி விரதம் நடந்துகொண்டிருந்தது. ஆறு நாளும் உபவாசம். செவுள் அக்கா தலை முழுகி, திருநீறு பூசி, பாலும் பழமுமாக இருக்கிறார். உள்ளே முருகன் படத்துக்கு விளக்கு எரிகிறது. வாசலில் வெள்ளைச் சேர்ட்டோடு இவர், கையில் ஐந்து பாரை மீன். இந்து வீடு ஒவ்வொன்றிலும் இதே கதைதான். ஒரு வீட்டில் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, "அண்ணை, பிறகு வாங்கோ" என்றார்களாம். இவர் முக்கால்வாசிப் பெட்டியோடு திரும்பிவந்து, வானின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நடைபாதையில் நின்றார்.

"ஒவ்வொரு வருசமும் இந்தக் கிழமை ஏவாரம் படுத்திருக்கும்," என்றார் மெதுவாக. "நான் குளிரெண்டு நினைச்சனான்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. ஆனால் இன்றைக்கு யோசித்தால், சந்தா எங்களுக்குச் செய்த முதல் நன்மை அந்தச் சனிக்கிழமைதான். அதுவரை கடைக்கு வருகிறவர்களை மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். வராதவர்கள் ஏன் வரவில்லை என்று தெரியாது. வராதவர் சொல்லிவிட்டா வராமல் இருக்கிறார்? இத்தனை வருடம் மீன் விற்றும், எங்கள் ஆட்களின் விரதம் எப்போது என்று தெரியாமல், குளிரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். அவர்களின் வாசலுக்குப் போன பிறகுதான் அவர்களின் வருடம் எங்களுக்குப் புரிந்தது.

அன்றைக்கு அதெல்லாம் தோன்றவில்லை. எல்லாம் முடிந்தது, காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெற்றோல் நிலையத்துக்குப் போய்க் கேட்பதுதான் என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார்.

"பிள்ளை, தம்பி கவலைப்படுறானோ? காசைத் திருப்ப வேண்டாம். எங்களிட்டையும் பிழைதானே. சேரேக்கை விரதத்தை ஒருத்தரும் யோசிக்கேல்லை. மீனைப் பழுதாப் போகவிடாமல் ஆருக்கும் குடுங்கோ. விரதம் எனக்குத்தானே, பசிச்ச ஆளுக்கில்லையே."

பெட்டிகளை எங்கள் மாதா கோயில் மண்டபத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே சனிக்கிழமைகளில் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு நேரச் சாப்பாடு கொடுப்பார்கள். குரோய்டனில் இருக்கிற குடிவரவுக் கட்டடத்தில் அகதி விசாரணைக்குப் போய்வந்துகொண்டு, பதிலுக்குக் காத்திருக்கிறவர்கள். நாங்களும் ஒருகாலம் அந்தக் கட்டடத்தின் வாசலில் வரிசையில் நின்றவர்கள்தான். மண்டபத்துப் பெண்கள் மீனை வெட்டி, பெரிய சட்டியில் குழம்பு காய்ச்சினார்கள். ஒரு பெடியன் முதல் வாயை வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் மெல்லாமலே இருந்தான். இவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு பெற்றோல் நிலையப் பேச்சை எடுக்கவில்லை.

அந்தக் கிழமையே மகள், சந்தாக்காரர்களின் இணையப் பக்கத்தில் இன்னொரு பொத்தான் வைத்தாள். அதில் என்ன எழுதுவது என்று கேட்டாள். 'விரதம்' என்று எழுது என்றேன். அமத்தினால் அந்தக் கிழமைப் பெட்டி வராது. காசு அடுத்த மாதத்தில் கழியும், அல்லது விரும்பினால் பெட்டி மண்டபத்துக்குப் போகும். விரதத்துக்கு மட்டுமல்ல, ஊருக்குப் போனால், விருந்தாளி வந்தால், வீட்டில் சண்டை நடந்து சமைக்க மனமில்லாமல் இருந்தால் எல்லாவற்றுக்கும் அந்தப் பொத்தான்தான். நான் நினைத்தேன், நிற்பாட்டுவது இவ்வளவு சுலபமென்றால் எல்லோரும் நிற்பாட்டிவிடுவார்கள் என்று. நடந்தது மறுவளம். எந்த நேரமும் போகலாம் என்று தெரிந்தவர்கள்தான் நிம்மதியாக இருந்தார்கள். மகளின் ஜிம்முக்கு இது விளங்கினால் நல்லது.

பிறகு ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் வந்தது. கத்தோலிக்கர் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தொடமாட்டார்கள், மீன்தான். இந்துக்கள் வெள்ளிக்கிழமை மச்சமே தொடமாட்டார்கள். ஒரு பகுதியார் வேண்டாமென்ற நாளில் மறுபகுதியாருக்கு வேண்டியிருந்தது. மாதாவும் முருகனும் பேசிவைத்து எங்கள் வானுக்கு ஒழுங்கு போட்டுக் கொடுத்ததாக இவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். சந்தையிலும் இவருக்கு மதிப்பு உயர்ந்தது. முன்பு தயங்கித் தயங்கி வாங்குகிறவர், இப்போது எனக்கு இவ்வளவு வேண்டும் என்று நேரே போய் நிற்கிறார். விற்கிறவரும் நல்ல பெட்டியை இவருக்கென்று எடுத்துவைத்தார். குப்பைக்குள் போகிற மீன் நின்றது. அதற்கு முன்பு, கிறிஸ்து பிறந்தநாளான நத்தாருக்கு மீன்விலை எங்கேயோ ஏறியபோதும் சந்தாக்காரருக்கு நாங்கள் ஏற்றவில்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிந்து வருகிற ஒரு தாதி, வாசலில் வெட்டிக் கழுவிய மீன் இருப்பதைப் பார்க்கும்போது யாரோ தனக்காக வீட்டில் இருந்ததாகத் தோன்றுகிறது என்று எழுதியிருந்தாள். அதை இவருக்கு வாசித்துக் காட்டினேன். "மீன் நல்லா இருந்ததாமோ எண்டு பாரும்" என்றார்.

செவுள் அக்கா மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு சனியும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வருவார். பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு செவுளாகப் பிரித்துப் பார்ப்பார். இவர் சோதனை எழுதின பிள்ளையாகப் பக்கத்தில் நிற்பார். "ம். பரவாயில்லை," என்பார் அக்கா. அதைவிடப் பெரிய பாராட்டு அவர் வாயிலிருந்து வந்ததில்லை. ஒருநாள் இரண்டு மீனைத் திருப்பிக் கொடுத்தார். இவர் கிழமை முழுவதும் அதையே சொல்லிப் புலம்பினார்.

ஈஸ்டருக்கு முந்திய நாள் ஐந்து வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டோம். அப்போது அறுபது வீட்டுக்கு மேல் சேர்ந்திருந்தார்கள். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் கடை வாடகைக்கு இவ்வளவு வரும் என்று தெரிந்த பிறகுதான் எங்களுக்கு அந்தத் துணிவு வந்தது.

ஆடி மாதம் இவர் கடையில் ஐஸ் பெட்டியைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இரத்தக் குழாய்களில் அடைப்பு, பைபாஸ் செய்யவேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரியின் நடைபாதையில் நின்று நான் மகளிடம் சொன்னேன்: "எல்லாற்ற காசையும் நிப்பாட்டு. கடையைப் பூட்டுவம்."

"பூட்டினால் வாடகை?" என்றாள். "அம்மா, கடையைத் திறக்க வேண்டாம். பெட்டி மட்டும் குடுப்பம். அறுபது வீட்டுக்கு எவ்வளவு வேணுமெண்டு எழுதியே கிடக்கு. அதை வாங்கினால் காணும். நீங்கள் ஒண்டையும் யோசிக்கத் தேவையில்லை."

அவள் சொன்னது சரி. வெறும் கடையாக மட்டும் இருந்திருந்தால் நான் அன்றைக்கே பூட்டியிருப்பேன். யார் வருவார்கள், எவ்வளவு எடுப்பது என்கிற கணக்கு இவர் தலைக்குள் மட்டும் இருந்தது. சந்தா அந்தக் கணக்கை இவருடைய தலையிலிருந்து இறக்கி, என்னைப் போன்ற தபால் கந்தோர்க்காரரின் மகளும் தூக்கக்கூடிய அளவுக்கு இலகுவாக்கி வைத்திருந்தது. பள்ளிக்கூடமும் விடுமுறை விட்டிருந்தார்கள். எல்லா வீட்டுக்கும் உண்மையைச் சொல்லி அனுப்பினேன். இவர் ஆஸ்பத்திரியில், கொஞ்ச நாளைக்கு மீன் தெரிந்தெடுப்பது நான், எனக்கு அவ்வளவு தெரியாது, விருப்பமில்லாதவர்கள் பொத்தானை அமத்துங்கள், கோபமில்லை.

நாலைந்து வீட்டார் அமத்தினார்கள். கோபமில்லை என்று எழுதியிருந்தேனே தவிர, கோபம் இருந்தது. அவர்களின் பெயரை மனதுக்குள் வைத்து ஒருநாள் முழுக்கத் திட்டினேன். பிறகுதான் மற்றப் பக்கம் கண்ணில் பட்டது. மிச்ச ஐம்பத்துச் சொச்சம் வீட்டார் ஒன்றுமே செய்யவில்லை. அந்த ஒன்றும் செய்யாமல் இருந்ததற்கு நான் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

சந்தையில் நான் நிற்க, இவர் கட்டிலில் படுத்தபடி தொலைபேசி வீடியோப் படத்தில் பார்ப்பார். "கண்ணைக் காட்டும்... கிட்டக் காட்டும்... உது பாத்தாலே தெரியுது, வேண்டாம்." தமிழ் தெரிந்த தாதி ஒருத்தி தூரத்தில் நின்று இதைக் கேட்டுவிட்டு, வீட்டில் வேறு யாருக்கும் கண் வருத்தமா என்று கேட்டாளாம். இப்படியே இரண்டு கிழமை ஓடியது.

அறுவைச் சிகிச்சைக்குக் குறித்த நாள் எங்கள் பெட்டி நாளிலேயே வந்து விழுந்தது. நான் போகமாட்டேன் என்றேன்.

"இஞ்ச இருந்து என்ன செய்யப்போறீர்?" என்றார். "மயக்கத்திலை கிடக்கப்போறது நான். மீனுக்கு மயக்கம் குடுக்கேலாது. போய் அலுவலைப் பாரும். பிள்ளை நிக்கிறாள்."

போனேன். சந்தையில் படம் காட்ட ஆள் இல்லை. எல்லா மீனும் என்னைப் பார்க்கிறது, எனக்கு ஒரு மீனும் தெரியவில்லை. விற்கிறவர் கேட்டதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுப் பாரை எடுத்துக்கொண்டு வந்தேன். கடையில் வைத்து வெட்டத் தொடங்கியபோதுதான் செவுள் தெரிந்தது. சிவப்புப் போய்ச் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. கெட்ட மீன் இல்லை, களைத்த மீன். இவர் இருந்திருந்தால் தொட்டும் பார்த்திருக்கமாட்டார். மற்ற வீட்டாருக்கு வெட்டிக் கொடுத்துவிடலாம். செவுள் அக்காவுக்கு முழு மீன் அல்லவா போகவேண்டும்?

நான் அக்கா வீட்டு வாசலுக்கு வரும்போது இவரைச் சிகிச்சை அறைக்குள் கொண்டுபோய் ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது. அக்கா வந்தார். கண்ணாடி நெற்றியில் ஏறி இருந்தது. என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பிக்கு இண்டைக்கெல்லே?"

"ஓம் அக்கா. உள்ளுக்குக் கொண்டுபோயிட்டினம்."

கையை நீட்டிப் பெட்டியை வாங்கினார். திறக்கவில்லை. அப்படியே இடுப்பில் வைத்துக்கொண்டார். நான் அங்கேயே நின்றேன்.

"அக்கா, செவுள் பாக்கேல்லையோ?"

"நீ ஆஸ்பத்திரிக்கு ஓடு பிள்ளை," என்றார். "முருகனுக்கு விளக்கு வச்சிருக்கிறன். மாதாவுக்கும் சொல்லிக் கிடக்கு."

வானுக்குள் ஏறி இருந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஒரு மனுசி என்னை நம்பிவிட்டாள். அதுவும் நான் பிழை செய்த நாளில் நம்பிவிட்டாள். சொல்லியிருக்கலாம், அக்கா இது அவ்வளவு நல்லாயில்லை, வேறு கொண்டுவந்து தருகிறேன் என்று. மிச்சப் பெட்டிகளைக் கொடுத்து முடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பின்னேரம் வைத்தியர் வந்து, எல்லாம் நன்றாக முடிந்தது என்றார்.

ஆவணி முடிய இவர் வானில் ஏறினார். பாரம் தூக்கக்கூடாது என்பது கட்டளை. நான் ஓட்ட, இவர் பக்கத்தில் நெஞ்சில் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு இருந்தார். சந்தைக்கும் நாங்கள் சேர்ந்தே போயிருந்தோம், மீன் எல்லாம் அவருடைய தெரிவு. செவுள் அக்கா வீட்டுக்குத் தானே போவேன் என்று அடம்பிடித்தார். பெட்டியை நான் கொண்டுபோய் வாசல்படியில் வைக்க, அவர் மெதுவாக நடந்துவந்து பக்கத்தில் நின்றார்.

கதவு திறந்தது. அக்கா இவரை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். சுகமோ என்று கேட்கவில்லை. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். குனிந்து பெட்டியைத் திறந்து, முதல் மீனை எடுத்துச் செவுளைப் பிரித்தார். பிறகு இரண்டாவது. மூன்றாவது மீனைத் தூக்கி இவர் முகத்துக்கு முன்னால் பிடித்தார்.

"உதென்ன தம்பி? இது ஐஸுக்குள்ள கனநாள் கிடந்ததெல்லே? மாத்தித் தா."

இவர் சிரித்தார். தையல் இழுத்ததோ என்னவோ, நெஞ்சைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். சிகிச்சைக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன். "மாத்தித் தாறன் அக்கா," என்று வானை நோக்கி நடந்தார், முன்பு நடந்த அதே நடை. ஆஸ்பத்திரியில் கொடுத்த எந்த மருந்துக் குளிசையும் அந்த வேலையைச் செய்யவில்லை.

அவர் வான் கதவைத் திறக்கிற நேரத்தில் அக்கா என் கையைப் பிடித்துக் கிட்ட இழுத்தார்.

"அண்டைக்கு நீ தந்த பாரை," என்றார் குரலைத் தாழ்த்தி, "புளி கொஞ்சம் கூட விட்டுக் காய்ச்சினனான். நல்லாத்தான் இருந்தது. அவனுக்குச் சொல்லிப்போடாதை."